ஹம்மிங்பேர்ட் ஃபீடரில் தேனீ மொய்த்தால் என்ன செய்வது?

கேள்வி இது: "டெக்சஸில், டாலஸ் பக்கம் இருக்கிறோம். கொல்லைப்புறத்தில் தொங்கும் ஹம்மிங்பேர்ட் ஃபீடரில் ஆகஸ்ட் பிறந்ததிலிருந்து தேனீ அப்பிக்கிடக்கிறது. குருவி வருகிறது, ஒரு சுற்றுச் சுற்றுகிறது, போய்விடுகிறது. வாசலீன் தடவுங்கள், புதினா எண்ணெய் தடவுங்கள் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். தேனீயைக் கொல்லாமல் வழி உண்டா?"

உண்டு. வாசலீன் டப்பாவை மட்டும் முதலில் மூடி வையுங்கள், அது ஏன் கூடாது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

ஃபீடர் என்பது இந்தக் குட்டிப் பறவை குடிக்கச் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடும் பாத்திரம். இந்தத் தொல்லையில் குறை பெரும்பாலும் ஃபீடரில்தான் இருக்கும். எங்காவது சொட்டிக்கொண்டிருக்கும், அல்லது சர்க்கரைத் தண்ணீர் துளைக்கு எட்டும் உயரத்தில் நிற்கும், அல்லது கரைசல் தேவைக்கு மேல் இனிப்பாக இருக்கும். மூன்றும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு. இவற்றைச் சரிசெய்யாமல் தேனீயை மட்டும் விரட்டினால், விரட்டியது மறுநாள் திரும்பி வரும்.

அதற்கும் முன்னால், மொய்ப்பது தேனீதானா என்று பாருங்கள். உடம்பில் மெல்லிய ரோமமும் பழுப்பு கலந்த நிறமும் இருந்தால் தேனீ. வழவழப்பாக, பளிச்சென்ற மஞ்சளும் கறுப்புமாக, இடுப்பு ஒடுங்கி இருந்தால் அது யெல்லோஜாக்கெட் என்கிற குளவி. பறக்கும்போது நீளமான கால்கள் தொங்கினால் காகிதக்கூடு கட்டும் குளவி. இந்த வேறுபாடு முக்கியம். தேனீக்குச் செய்கிற வைத்தியம் பாதி குளவிக்குப் பலிக்காது, குளவிக்கு வைக்கிற பொறியைத் தேனீக்கு வைக்கவும் கூடாது.

தேனீ என்றே வைத்துக்கொள்வோம். ஜூன் வரை எட்டிப் பார்க்காதது ஆகஸ்டில் ஏன் வருகிறது? டெக்சஸில் கோடை உச்சத்தில் பூ குறைந்துவிடும். தேனீ வளர்ப்போர் இதைத் தேன் வரத்து இல்லாத பஞ்சகாலம் என்பார்கள். கோடையில் ஒரு கூட்டில் 30,000 முதல் 60,000 வரை தேனீக்கள் இருக்கும். அத்தனை வயிற்றுக்கும் வெளியே ஒன்றும் கிடைக்காத நேரத்தில், உளவு பார்க்க வந்த ஒரு தேனீ உங்கள் ஃபீடரின் விளிம்பில் ஒட்டியிருக்கும் ஒரு சொட்டைக் கண்டுபிடிக்கிறது. கூட்டுக்குத் திரும்பி, திசையையும் தூரத்தையும் நடனத்தால் சொல்கிறது. தேனீயின் இந்த நடன மொழியைப் படித்தறிந்தவர் கார்ல் வான் ஃப்ரிஷ், 1973இல் நோபல் பரிசு பெற்றவர். ஒன்று பத்தாகி, பத்து நூறாவதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாமல் போவது இதனால்தான். இன்னொன்றும் உண்டு. சர்க்கரைத் தண்ணீருக்கு வாசனை கிடையாது என்பதால், அதைக் குடிக்கும் தேனீ தன் வயிற்று நுனியிலுள்ள சுரப்பியைத் திறந்து தன் வாசனையை அந்த இடத்தில் பரப்பி மற்றவற்றுக்கு வழிகாட்டுகிறது. ஆகவே ஒருமுறை மொய்த்த ஃபீடரைக் கழுவாமல் இடம் மாற்றினால், பழைய விலாசச் சீட்டை ஒட்டியபடியே வீடு மாறியது போலத்தான்.

பக்கத்தில் யாராவது தேனீ வளர்க்கிறார்களா என்றும் விசாரியுங்கள். தேன் எடுத்த பிறகு தேன் ஈரம் ஒட்டியிருக்கும் தேன்கூட்டுச் சட்டங்களைத் தேனீக்கள் நக்கட்டும் என்று வெளியே வைப்பவர்கள் உண்டு. அதை எடுத்து உள்ளே வைத்த மறுநாள், பழகிப்போன தேனீக்கள் அக்கம்பக்கத்துக் கொல்லைகளைத் தேடிக் கிளம்பும். கேட்டால் பெரும்பாலும் ஒத்துழைப்பார்கள்.

இனி வைத்தியம். ஹம்மிங்பேர்டை நம்பியிருக்கும் காட்டுப் பூக்களைக் கவனித்தால் பாதி விடை அங்கேயே கிடைக்கும். இந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே உண்டு. தமிழில் ஓசனிச்சிட்டு என்றும் எழுதுகிறார்கள், நம்மூர்த் தேன்சிட்டு வேறு குடும்பம். ஹம்மிங்பேர்ட் தேடிப்போகும் பூக்கள் பெரும்பாலும் சிவப்பாக, நீளக் குழாயாக, தலைகவிழ்ந்து தொங்குபவையாக, நீர்த்த தேன் கொண்டவையாக இருக்கின்றன. சிவப்பு தேனீயின் கண்ணுக்குத் தனி நிறமாகத் தெரியாது. நீளக் குழாய்க்குள் அதன் நாக்கு எட்டாது. நீர்த்த தேனைச் சுமந்து போவது அதற்குக் கட்டுபடியாகாது. உங்கள் ஃபீடரும் அந்தப் பூ மாதிரி இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் பல ஃபீடர்கள் இதற்கு நேர்மாறாக இருக்கின்றன: மஞ்சள் பூ ஒட்டியவை, துளை வரை தண்ணீர் ததும்புபவை.

முதலில் ஆழம். தேனீயின் நாக்கு 6 முதல் 7 மில்லிமீட்டர் நீளம். ஹம்மிங்பேர்டின் அலகே ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் இருக்கும், நாக்கு அதையும் தாண்டி நீளும். ஆக, துளையின் விளிம்பிலிருந்து தண்ணீர் மட்டம் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் பறவைக்கு எட்டும், தேனீக்கு எட்டாது. இதை எளிதாகச் செய்ய முடிவது தட்டு வகை ஃபீடரில்தான். தட்டையான கிண்ணம், மேலே சிவப்பு மூடி, மூடியில் துளைகள். கிண்ணத்தை முழுக்க நிரப்பாமல், துளையின் அடிவிளிம்புக்கு ஒன்றரை சென்டிமீட்டர் கீழே நிறுத்துங்கள். 350 மில்லி பிடிக்கும் தட்டில் பாதி ஊற்றினால் ஏறக்குறைய இந்த அளவு வரும். ஆனால் தட்டுக்குத் தட்டு ஆழம் மாறும், ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்துக்கொள்வது நல்லது. பாதிதான் ஊற்றுகிறோம் என்றால் அடிக்கடி ஊற்ற வேண்டும். வெயில் காலத்தில் எப்படியும் அடிக்கடி மாற்றத்தான் வேண்டும், ஆகையால் நஷ்டமில்லை. ஆஸ்பெக்ட்ஸ் கம்பெனியின் ஹம்ஸிங்கர் இந்த வகைதான். அதன் சில மாடல்களில் துளைக்குள் பிளவுபட்ட மென்சவ்வு போன்ற ஒரு மூடியும் உண்டு. அலகு பட்டால் வழிவிடும், பூச்சிக்குத் திறக்காது. தொல்லை அதிகமுள்ள இடத்தில் அது நன்றாக வேலை செய்கிறது.

பாட்டில் வகையில்தான் சிக்கல். தலைகீழாகக் கவிழ்த்த பாட்டில், கீழே சிறு தட்டு. பாட்டிலுக்குள் மேலே மிஞ்சியிருக்கும் காற்றின் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் குறைவாக இருப்பதால் தண்ணீர் விழாமல் நிற்கிறது. வெயில் பட்டால் அந்தக் காற்று விரிந்து, தண்ணீரைத் துளை வழியாக வெளியே தள்ளும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 950 மில்லி பாட்டில் பாதி காலி, உள்ளே 475 மில்லி காற்று. காலையில் 25 டிகிரி செல்சியஸில் இருந்தது மதியம் 45 டிகிரி ஆகிறது. காற்று ஏறக்குறைய 7 சதவீதம் விரியும். அதாவது 30 மில்லிக்கு மேல், இரண்டு டேபிள்ஸ்பூன் சர்க்கரைத் தண்ணீர், தட்டில் இடமில்லாமல் வழியும். தேனீக்கு இது கல்யாண விருந்து. மாலையில் நீங்கள் போய்ப் பார்க்கும்போது சொட்டு நின்றிருக்கும், "என் ஃபீடர் ஒழுகவே இல்லையே" என்பீர்கள். மதியம் இரண்டு மணிக்கு, ஃபீடருக்கு நேர்கீழே ஒரு காகிதத் தட்டை வைத்துப் பாருங்கள்.

பாட்டில் வகையையே வைத்துக்கொள்வதாக இருந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். நாள் முழுக்க நிழல் விழும் இடத்தில், முக்கியமாக மேற்கு வெயில் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். சிறிய பாட்டிலாக வாங்கி, கழுத்து வரை நிரப்புங்கள், காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கரைசலை அப்படியே ஊற்றாமல் அறைச்சூட்டுக்கு வந்தபின் ஊற்றுங்கள். குளிர்ந்ததை ஊற்றினால், அது சூடேறும்போது உள்ளிருக்கும் காற்றும் விரிந்து முதல் மணி நேரத்திலேயே சொட்ட ஆரம்பிக்கும். பெரிய பாட்டிலில் கால்வாசி மட்டும் ஊற்றித் தொங்கவிடுவதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. சிக்கனமாகத் தெரியும், ஒழுகுவதற்கு அதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது.

ஒழுகல் வெயிலால் மட்டுமல்ல. பாட்டிலும் தட்டும் சேரும் இடத்திலுள்ள ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருக்கலாம், மரை சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், பிளாஸ்டிக்கில் மயிரிழை விரிசல் இருக்கலாம். நிரப்பி, சமையலறைத் தொட்டிக்கு மேலே இரவு முழுக்கத் தொங்கவிட்டால் தெரிந்துவிடும். சொட்டினால் வளையத்தை மாற்றுங்கள், விரிசல் என்றால் ஃபீடரையே மாற்றுங்கள். வெயிலில் வெளிறிப்போன பிளாஸ்டிக்கைப் பசை போட்டு ஒட்டி மல்லுக்கட்டுவதில் அர்த்தமில்லை. காற்றில் ஆடினாலும் சிந்தும். மரங்கொத்தி, ஓரியோல் மாதிரி கனமான பறவை வந்து தொற்றினாலும் தட்டு சாய்ந்து சிந்தும். ஊசலாடாத கெட்டிக் கம்பியில், இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடலாம். கையால் ஊதிய கண்ணாடிக் குமிழும் அதன் அடியில் ஒற்றைக் குழாயுமாக அழகுக்கு விற்கிறார்களே, அவை பரிசாகக் கொடுக்க நன்றாக இருக்கும். தேன் வரத்து இல்லாத பஞ்சகாலத்தில் மாட்டாதீர்கள், சொட்டாத ஒன்றைப் பார்ப்பது அரிது.

அடுத்தது மஞ்சள். பூ மாதிரி இருக்கட்டும் என்று துளையைச் சுற்றி மஞ்சள் பிளாஸ்டிக் வைக்கிறார்கள். தேனீத் தடுப்பு என்று விற்கிற சிறு வலைக்கூண்டுகளே பலவற்றில் மஞ்சளாக இருக்கும், அதுதான் வேடிக்கை. மஞ்சள் தேனீக்கும் குளவிக்கும் நன்றாகத் தெரிகிற நிறம். கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள். முடியாவிட்டால் வெளிப்பக்கத்தில் மட்டும் சிவப்பு நகப்பூச்சோ பிளாஸ்டிக்குக்கான சிவப்பு பெயிண்ட்டோ அடித்து, வாடை முற்றிலும் போகும் வரை இரண்டு மூன்று நாள் காயவிடுங்கள். தண்ணீரோ அலகோ படும் உட்பக்கத்தில் பூசவே கூடாது. வலைக்கூண்டுக்கு இன்னொரு குறையும் உண்டு. பறவை குடித்துவிட்டு அலகை இழுக்கும்போது ஒரு துளி வலையில் ஒட்டும், தேனீ அதை நக்க வரும். வலை இருப்பதாலேயே தினம் கழுவ வேண்டியிருக்கும். தட்டு வகைக்கு வலை தேவையே இல்லை.

இப்போது கரைசல். வழக்கமான அளவு, வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, இரண்டும் ஒரே கப்பால் அளந்தது. அரை கப் சர்க்கரைக்கு இரண்டு கப் தண்ணீர். எடைக் கணக்கில் இது 17, 18 சதவீதச் சர்க்கரை. தேனீ வளர்ப்போர் தங்கள் தேனீக்கு வசந்தத்தில் சம எடை கலந்து 50 சதவீதப் பாகும், குளிருக்கு முன் இரண்டுக்கு ஒன்று என்ற கெட்டிப் பாகும் கொடுப்பார்கள். தேனில் தண்ணீர் 18 சதவீதம் அளவுதான். நம் கரைசலிலோ தண்ணீர் 82 சதவீதம், அத்தனையையும் கூட்டில் விசிறி வற்றவைத்தால்தான் அது தேனாகும். வேறு நல்ல தீனி கிடைத்தால் தேனீ இதற்கு மெனக்கெடாது, பஞ்சகாலத்தில் இதற்கும் வரும். அதனால் மொய்க்கும் வாரங்களில் மட்டும் ஒன்றுக்கு ஐந்து என்று இளக்குங்கள்: ஒரு கப் சர்க்கரை, ஐந்து கப் தண்ணீர், ஏறக்குறைய 14.5 சதவீதம். பறவை கொஞ்சம் அடிக்கடி வந்து குடிக்கும், விட்டுப் போகாது. தேனீக்களில் கணிசமானவை கழன்றுகொள்ளும். ஒன்றுக்கு ஆறு, ஏழு என்று மேலும் இளக்காதீர்கள், அது பறவையை ஏமாற்றுவது. செப்டம்பரில் ரூபி-த்ரோட்டெட் என்கிற ஹம்மிங்பேர்ட் இனம் மெக்சிகோ வளைகுடாவைச் சுற்றியோ தாண்டியோ தெற்கே போகும். மூன்று கிராம் பறவை, கிளம்புமுன் எடையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கிக்கொள்ளும். அந்தச் சமயத்தில் தேனீ கட்டுக்குள் வந்திருந்தால் பழையபடி ஒன்றுக்கு நான்குக்குத் திரும்புங்கள்.

வெயிலில் கரைசல் தானாகக் கெட்டிப்படும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். வறண்ட காற்றில் திறந்த துளைகள் வழியாக நீர் ஆவியாகும், சர்க்கரை அங்கேயே இருக்கும். திங்கட்கிழமை ஊற்றியது வியாழக்கிழமை தேனீக்கு இன்னும் ருசியாக இருக்கும். கூடவே நொதித்துப் புளித்த வாடை வந்தால் குளவியும் சேர்ந்துகொள்ளும். 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் கண்டிப்பாக மாற்றுங்கள், கலங்கலாகத் தெரிந்தால் அன்றே கொட்டிவிடுங்கள்.

நம் வீடுகளுக்கென்று ஒரு எச்சரிக்கை. வெள்ளைச் சர்க்கரை உடம்புக்கு ஆகாது என்று வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எதையும் கலக்காதீர்கள். மனிதருக்குச் சத்து என்று சொல்லப்படும் இரும்பும் தாதுக்களும் இந்தப் பறவைக்குக் கேடு. இங்கே விற்கும் பிரவுன் சுகரும் அப்படியே. தேனும் வேண்டாம், நீர் கலந்த தேனில் நுண்ணுயிரும் பூஞ்சையும் சீக்கிரம் வளரும், தேனீயையும் அது நேராக அழைக்கும். சிவப்புச் சாயம் தேவையில்லை, ஃபீடரில் சிவப்பு இருந்தால் போதும்.

சரி, ஃபீடர் தயார், கரைசல் தயார். ஏற்கெனவே மொய்த்துக்கொண்டிருக்கும் நூறு தேனீயை என்ன செய்வது? பகலில் தொடாதீர்கள். தேனீ இரவில் பறக்காது. நன்றாக இருட்டிய பிறகு, அல்லது விடியுமுன், ஃபீடரைக் கழற்றுங்கள். வழிதவறி ஒட்டிக்கொண்டிருக்கும் ஒன்றிரண்டை மெல்லத் தண்ணீர் தெளித்தால் விழுந்து நகர்ந்துவிடும். கையால் அடித்து நசுக்க வேண்டாம். நசுங்கிய தேனீயிலிருந்து வாழைப்பழ வாடையுள்ள எச்சரிக்கைப் பொருள் வெளிவரும், மற்றவை கொட்டத் தயாராகிவிடும். கழற்றியதை வெந்நீரில், ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்து, துளைகளில் சிறு பிரஷ் விட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். தொங்கவிட்ட கம்பி, கொக்கி, அடியிலுள்ள கைப்பிடிச் சுவர், சொட்டு விழுந்த தரை எல்லாவற்றையும் துடைத்துவிடுங்கள். இதைச் செய்யாதவர்கள்தான் "கழுவியும் வருகிறதே" என்பவர்கள்.

பிறகு இரண்டு நாள் ஃபீடரே இல்லாமல் விடுங்கள். குருவி பட்டினி கிடக்காது. கொசு, சிறு சிலந்தி, அக்கம்பக்கத்துப் பூ என்று அதற்கு வேறு பிழைப்பு உண்டு, ஃபீடர் அதற்குப் பல கடைகளில் ஒரு கடை. தேனீயோ அதே இடத்துக்கு, பெரும்பாலும் அதே மணிக்கு, வந்து வந்து பார்த்து ஏமாந்து, பிறகு குறைத்துக்கொள்ளும். காலி ஃபீடரை அங்கேயே தொங்கவிட்டுப் பயனில்லை. மீண்டும் நிரப்பிய அன்று உளவுத் தேனீ கண்டுபிடித்துச் செய்தி சொல்லிவிடும். மூன்றாம் நாள் வேறிடத்தில் மாட்டுங்கள். ஓரடி, ஈரடி தள்ளினால் போதாது, தேனீ அந்த வட்டாரத்தையே சுற்றித் தேடும். வீட்டின் மறுபக்கம், நிழலான மூலை, சுவரோ புதரோ நடுவில் மறைக்கிற மாதிரி. ஹம்மிங்பேர்ட் கண்ணால் தேடும் பிராணி, தன் எல்லையை நாள் முழுக்க ரோந்து சுற்றும், அதற்குக் கண்டுபிடிப்பது சிரமமில்லை. திரும்ப மாட்டுவதை விடியற்காலையில் செய்யுங்கள். காலைக் குளிரில் தேனீ கிளம்புமுன் பறவை நாலு தரம் வந்து குடித்துப் பழகிவிடும். மொய்ப்பு கடுமையாக உள்ள வாரங்களில் விடிந்ததிலிருந்து எட்டு மணி வரையும், மாலை கடைசி ஒரு மணி நேரமும் மட்டும் மாட்டி, நடுப்பகலில் கழற்றி வைப்பதும் நல்ல வழிதான். வேலைக்குப் போகிறவர்களுக்குத் தோதுப்படாது என்பதைத் தவிர அதில் குறையில்லை.

தேனீக்கென்று தனியாக ஒரு தட்டில் கெட்டிப் பாகு வைத்து, ஃபீடரிலிருந்து திசைதிருப்பலாம் என்று பலர் சொல்வார்கள். அது வேலை செய்யும், அதுதான் பிரச்சினையும்கூட. கெட்டிப் பாகு கிடைக்கிறது என்ற செய்தி மூன்று கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள கூடுகளுக்கெல்லாம் போகும். நூறு தேனீ வந்த கொல்லைக்கு ஆயிரம் வரும். பல கூட்டுத் தேனீக்கள் ஒரே தட்டில் குடிப்பது நோய் பரப்பும் என்று தேனீ வளர்ப்போர் திறந்தவெளித் தீனியை விரும்புவதில்லை. தட்டு ஒருநாள் காய்ந்தால் அத்தனையும் பசியோடு ஃபீடருக்குத்தான் திரும்பும். மற்றதெல்லாம் செய்து பார்த்துவிட்டு, கடைசி வழியாக மட்டும் செய்யுங்கள். செய்தால் சமபங்கு சர்க்கரையும் தண்ணீரும் கலந்து, மூழ்காமல் நிற்கக் கூழாங்கல் போட்டு, முதல் நாள் ஃபீடருக்கு அருகே வைத்து, தினம் மூன்று நான்கு மீட்டர் தள்ளிக்கொண்டே போய், வேலியோரம் சேர்ந்ததும் நாளுக்குக் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்துங்கள். அண்டை வீட்டில் குழந்தை இருந்தாலோ, தேனீ கொட்டினால் ஒவ்வாமை வருபவர் இருந்தாலோ இந்த யோசனையையே விட்டுவிடுங்கள். வெறும் தண்ணீர் வைப்பது வேறு. கூழாங்கல் போட்ட தண்ணீர்த் தட்டு கோடையில் எல்லாப் பூச்சிக்கும் உதவும், தொல்லை தராது.

யெல்லோஜாக்கெட் என்றால் கதை கொஞ்சம் மாறும். அதன் நாக்கு தேனீயினுடையதைவிடக் குட்டை, ஆகவே ஆழமான தட்டு ஃபீடர் அதற்கு இன்னும் எட்டாது. ஆனால் பிடிவாதம் அதிகம், பறவையையே விரட்டும். கோடை முற்பகுதியில் குஞ்சுகளுக்கு இரை தேடிப் புழு, இறைச்சி என்று அலையும். கூடு பெருத்து ஆகஸ்ட், செப்டம்பர் ஆனதும் இனிப்புக்குத் திரும்பும். கடையில் விற்கும் பொறிகளில் பெரும்பாலும் ஹெப்டைல் பியூட்டிரேட் என்ற வாசனைப் பொருள் இருக்கும். மேற்கு மாநிலங்களின் யெல்லோஜாக்கெட்டுக்கு அது நன்றாகப் பலிக்கும், கிழக்கே உள்ள இனங்களில் பலவற்றுக்கு அவ்வளவாகப் பலிக்காது. வீட்டிலேயே செய்வதென்றால், இரண்டு லிட்டர் சோடா பாட்டிலின் மேல்பகுதியை வெட்டித் தலைகீழாகப் புனல்போல் செருகி, அடியில் நீரும் ஒரு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் விட்டு, ஒரு துண்டு இறைச்சியோ டியூனா மீனோ நூலில் கட்டித் தொங்கவிடலாம். இறைச்சிக்குத் தேனீ வராது என்பது இதில் வசதி. பருவம் முற்றி இறைச்சியைக் குளவி சட்டை செய்யாவிட்டால் பழச்சாறு ஊற்றி, தேனீ விழாமலிருக்க ஒரு டேபிள்ஸ்பூன் வினிகரும் சேர்க்க வேண்டும். பொறி ஃபீடருக்கு ஆறு மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். பக்கத்தில் மாட்டினால் பொறியே அழைப்பிதழாகிவிடும்.

இப்போது வாசலீனுக்கு வருவோம். துளையைச் சுற்றி எண்ணெய்ப் பசை எதைத் தடவினாலும், அது வாசலீனோ சமையல் எண்ணெயோ புதினா எண்ணெயோ, பறவையின் அலகிலும் முகத்து இறகிலும் ஒட்டும். தன் அலகால் கோதும்போது உடம்பெங்கும் பரவும். மூன்று கிராம் உடம்பு சூட்டைக் காப்பதும் பறப்பதும் அந்த இறகை நம்பித்தான். எண்ணெய் பட்ட இறகைத் தண்ணீரில் குளித்துச் சரிசெய்ய அதால் முடியாது. பூச்சிக்கொல்லி தெளிப்பது, சோப்புத் தண்ணீர் அடிப்பது, ஒட்டும் பசைத்தாள் தொங்கவிடுவது எதுவும் வேண்டாம். பசைத்தாளில் ஹம்மிங்பேர்டே ஒட்டிக்கொண்ட சம்பவங்கள் உண்டு. கொசு விரட்டியைத் தடவச் சொல்பவர்கள் அந்தத் தண்ணீரைத் தாங்கள் ஒரு மடக்குக் குடித்துக் காட்டட்டும்.

டெக்சஸ் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்கக் கலப்புத் தேனீ அமெரிக்காவுக்குள் முதலில் வந்தது 1990இல், டெக்சஸின் ஹிடால்கோ அருகே. இப்போது மாநிலத்தின் பெரும்பகுதியில் உண்டு. கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது. தீனி தேடி வந்த தேனீ எந்த வகையானாலும் சாதுதான், கூட்டைக் காக்கும்போதுதான் கலப்புத் தேனீயின் மூர்க்கம் தெரியும். ஆகையால் ஃபீடரிலிருந்து கிளம்பும் தேனீக்கள் எல்லாம் உங்கள் வீட்டுச் சுவரிலோ தண்ணீர் மீட்டர் பெட்டியிலோ நுழைவதைப் பார்த்தால் நீங்களே கை வைக்காமல், உயிரோடு அகற்றித்தரும் தேனீக்காரரைக் கூப்பிடுங்கள். துரத்திக் கொட்டினால் ஓடி வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ போய்க் கதவடைக்க வேண்டும். நீச்சல் குளத்தில் குதிப்பது உதவாது, தலை வெளியே வரும் வரை காத்திருக்கும்.

நிரந்தரமாகத் தொல்லை குறைய, ஃபீடரை மட்டும் நம்பாமல் இரண்டு செடி வையுங்கள். உங்கள் பக்கத்துக்கு டர்க்ஸ் கேப் அருமையானது. நம்மூர்க் கொல்லைகளிலும் அதன் உறவுக்காரச் செடி, இதழ் விரியாமல் சுருண்டே தொங்கும் செம்பருத்தியாக இருக்கும். நிழலில் வளரும், கோடை வறட்சியைத் தாங்கும், ஆகஸ்டிலும் பூக்கும், குருவிக்கு ரொம்பப் பிடிக்கும். ஆட்டம் சேஜ் என்கிற சிவப்பு சால்வியாவும், கொடி வேண்டுமென்றால் டிரம்பெட் ஹனிசக்கிளும் நன்று. ஜப்பானிய ஹனிசக்கிள் வேறு, அது பரவிக் காட்டை மூடும் வந்தேறி, வாங்காதீர்கள். வேலியோரத்தில் ஃப்ராஸ்ட்வீட் தானாக முளைத்தால் வெட்டாமல் விடுங்கள். செப்டம்பரில் அது வெள்ளையாகப் பூக்கத் தொடங்கி, கோல்டன்ராடும் மலர்ந்துவிட்டால், தேனீக்களில் பெரும்பாலானவை உங்கள் ஃபீடரை விட்டு அங்கே போய்விடும்.